ஊர் பேர் மட்டும் போதும்

பன்னீர் வாசனை இன்னும் போகவில்லை. காலையில் பன்னீர் அண்ணன் நம் ஆபீசுக்கு வந்து போனார். ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்து ஃபேனை முழு வேகத்தில் விட்டும் பார்த்துவிட்டேன். ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடும் அவருக்கு அந்தப் பேரை வைத்ததே நீதான். சாவு வீட்டுக்குப் பெட்டியோடு பன்னீர் பாட்டிலும் எடுத்துப்போவார், சட்டையெல்லாம் அதே மணம். "கல்யாணத்துக்கும் இதத்தானடி தெளிக்கிறாங்க, மூக்கைப் பொத்தாத" என்று என்னைத் திட்டுவாய். இன்றைக்கு நான் பொத்தவில்லை. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அண்ணன் தனியாக வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்ட மகனும் கூட வந்தான். பேசியதெல்லாம் அவன்தான். "அக்கா, நீங்க போட்டுக் குடுத்த வெப்சைட்டு ரொம்பப் பழசா இருக்கு. ஒரு ஃபார்ம் கூட இல்ல. பேரு, இமெயில், பாடியோட ஹைட்டு, வெயிட்டு எல்லாத்தையும் அதுலயே வாங்கிட்டா ஆபீஸ்ல ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டு இருக்க வேண்டாம். நாளைக்குள்ள மாத்திக் குடுங்க. முடியலன்னா சொல்லிடுங்க, திருச்சியில ஒருத்தங்க ரெடியா இருக்காங்க." பன்னீர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சைட்டில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் உன்னுடையது. மாற்றினால் நீ போய்விடுவாய். மாற்றாவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். ஏற்கெனவே பல் டாக்டரும் கல்யாண மண்டபமும் நம்மை விட்டுப் போயாயிற்று. இன்னும் ஓர் ஆள் போனால் கடையை மூட வேண்டியதுதான். எனக்குக் கோடிங் வரும், மனிதர்களிடம் பேச வராது. இது உனக்கும் தெரியும். பாவி, தெரிந்துதான் போனாய்.

திருக்காட்டுப்பள்ளி அறுவடை மெஷின்காரர் வந்தால் அவர் வயல் கதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நீ வேலையைப் பற்றியே பேச்செடுப்பாய். வலங்கைமான் வெடிக்கடைக்காரர், சைட்டைத் திறந்ததும் சரவெடி சத்தத்தோடு வெடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தபோது நான் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நீ அவரிடம், "அண்ணே, ஆபீஸ்ல உக்காந்து திருட்டுத்தனமா பாக்குறவன் மாட்டிக்குவாண்ணே" என்றிருக்கிறாய். நான் திரும்பி வந்தபோது மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பன்னீர் அண்ணன் சைட்டில் நான் அடித்த கூத்தையும் நீதான் சரிசெய்தாய். கல்யாண மண்டபத்துக்குப் போட்ட டிசைனையே எடுத்து நிறத்தை மட்டும் மாற்றியிருந்தேன். அடியில் "தங்கள் வருகைக்கு நன்றி, மீண்டும் வருக" அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் செல்லைக் கண்ணருகே வைத்துப் படித்தார். "ஏம்மா, சாவுக்குப் பெட்டி எடுக்க வந்தவங்களப் போயி மறுபடியும் வாங்கன்னா, என்னைய அடிக்க வந்துருவாங்கம்மா" என்றார். நீ மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாய். எனக்கு மானம் போய்விட்டது.

அதற்கப்புறம் நீ அவர் வண்டியிலேயே ஏறி ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்தாய். வந்ததும் வராததுமாக, நான் கட்டிவைத்திருந்த ஃபார்மை எடுக்கச் சொன்னாய். ஃபார்ம் இல்லாமல் ஒரு வெப்சைட்டா என்று கத்தினேன். "அழுதுகிட்டு இருக்கவங்க, கட்டாயம்னு சிவப்பு ஸ்டார் போட்ட கட்டத்தையெல்லாம் நிரப்ப மாட்டாங்கடி" என்றாய். போன் செய்ய ஒரு பட்டன், அதற்கு மேல் உன் வரி: "ஊர் பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்குறோம்." பேச்சுத் தமிழில் போட்டால் மட்டமாகத் தெரியும் என்றேன். "அந்த நேரத்துல யாருக்குடி இலக்கணம் வேணும்" என்று சொல்லி நீயே தட்டச்சு செய்துவிட்டாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். டெங்கு என்றார்கள். சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். உன்னை ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் நின்றபோது உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அண்ணன் குவைத்துலேர்ந்து வந்து சேரணும். பெட்டி ஒண்ணு சொல்லிடுங்கக்கா." பன்னீர் அண்ணன் நம்பர் என் செல்லில் இருக்கிறது. ஆனால் பன்னீர் என்று தேடினால் வரவில்லை. அவருடைய உண்மைப் பேர் நினைவுக்கே வரவில்லை. கடைசியில் நாம் போட்ட சைட்டைத் திறந்து உன் பட்டனை அழுத்தினேன்.

அவர் ஆபீசில் வேலை பார்க்கும் பெண் எடுத்தார். "திருத்துறைப்பூண்டி" என்றேன். உன் ஊர் பேர் மட்டும்தான். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு பெட்டி சைஸ் பார்ப்பதற்காக, "அவங்க என்ன உயரங்க இருப்பாங்க?" என்று கேட்டார். உன் சுடிதார் சைஸ் தெரியும், செருப்பு சைஸ் தெரியும். உயரம் தெரியவில்லை. "என்னைவிடக் கொஞ்சம் கம்மிங்க" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததே கிடையாது.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. காலையில் அந்தப் பையன் ஹைட்டு என்றபோதே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவர்கள் போனபின் புது ஆற்றுப் பாலம் வரை நடந்து போனேன். தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், கரையை இடித்துக்கொண்டு ஓடுகிறது. நிற்கப் பிடிக்காமல் திரும்பி வந்து ஃபார்மைக் கட்ட உட்கார்ந்தேன். பேர், இமெயில் வரை ஒழுங்காகப் போனது. உயரம் என்ற கட்டத்துக்குச் சிவப்பு ஸ்டார் போடப் போனபோது கை ஓடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பையனுக்கு நானே போன் செய்தேன்.

"தம்பி, இந்த ஃபார்மை நான் வைக்க மாட்டேன். உயரத்த யார்கிட்டயும் கேக்காதீங்க. எல்லா வீட்டுக்கும் பெரிய பெட்டியே எடுத்துட்டுப் போங்க."

"ஏன்க்கா, என்னாச்சு?" என்றான்.

சொன்னேன். உன்னைப் பற்றி, அன்றைக்குப் பேசிய போனைப் பற்றி, ஒன்று விடாமல். வேலை கொடுத்த ஓர் ஆளிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போல. போன் கை மாறியது. பன்னீர் அண்ணன், "பெரிய பெட்டியே போகட்டும்மா. ஃபார்மெல்லாம் வேண்டாம். இதையும் அதுல எழுதிடு. நீயே எழுது" என்றார்.

எழுதினேன்டி. நான் ஒரு சைட்டுக்கு வாசகம் எழுதுகிறேன். "உயரம் கேட்கப்பட மாட்டாது" என்று முதலில் எழுதி, நீ செய்வதுபோல் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது. அழித்தேன். இப்போது இப்படி இருக்கிறது: "உயரமெல்லாம் கேக்க மாட்டோம். பெரிய பெட்டியாவே கொண்டுவர்றோம்."

எந்தச் சைட்டை ஏற்றினாலும் நாலு பேர் பார்க்கட்டும் என்று வேண்டிக்கொள்வது நம் வழக்கம். இதை மட்டும் யாரும் திறக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு ஏற்றினேன். திறக்க வேண்டி வந்தவர்களுக்கு மேலே உன் வரி இருக்கிறது, அதற்குக் கீழே என் வரி.