அடிப்பூச்சு காயும் முன்

அன்புக் குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமா? அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் பேச்சு வந்தால் அம்மா என் முகத்தையே பார்க்கிறாள். நான் எழுந்து போய்விடுகிறேன்.

பிரசவ ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாம் வரைந்த பூக்களை முழுதாகச் சுரண்டிவிட்டுத் திரும்ப வரையச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது அடிச் சுவர். இந்த முறை தனியாள். நூல் அடித்துக் கட்டம் போடும்போதுதான் உன் அருமை தெரிந்தது. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் ஆணியில் கட்டினேன். ஆணி என்ன, "அக்கா, கோணுது" என்று சொல்லுமா?

மூன்று வருடம் முன்பு ரோஜாக்களுக்கு அடிப்பூச்சு கொடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். வீட்டுக்குக் கிளம்பும்போது விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் காயலக்கா, பத்து நாளாவது விடு" என்றாய். நான் தலையாட்டினேன். ஆனால் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். பெரிய டாக்டரம்மாவிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளே அந்த ஈரத்தின் மேல் அடுத்த பூச்சை ஏற்றினேன். மேலே சீக்கிரம் காய்ந்தது, அடியில் காயவே இல்லை. நான்கே மாதத்தில் ரோஜாக்கள் பாளம் பாளமாக வெடித்தன.

டாக்டரம்மா காரணம் கேட்டபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். "கலவையெல்லாம் தங்கச்சிதான் பாத்தா" என்று சொன்னேன். நாக்கு எப்படிப் புரண்டதோ. நீ தூரிகைகளை டர்பன்டைனில் கழுவி, துடைத்து, என்னுடையவற்றையும் சேர்த்து அடுக்கி வைத்துவிட்டுப் போனாய். பிறகு உனக்கு யாரும் சுவர் தரவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் சுரண்டிக்கொண்டே இடது மூலைக்கு வந்தேன். ரோஜாக்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே நீ பூச்சுக்குப் பூச்சு காயவிட்டு வரைந்த அல்லி அங்கே இருந்தது. கத்தி அதில் ஏறவே இல்லை. அந்த வழியாக வந்த டாக்டரம்மா, "இது மட்டும் எப்படி நிக்குது?" என்று கேட்டார். ஏணியிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "இத உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்டி. நீயா சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

அல்லியை நான் தொடவில்லை. அதைச் சுற்றித்தான் புதிதாக வரைகிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு அல்லி வர வேண்டும். என் வெள்ளை சுண்ணாம்பு போல வெறிச்சென்று நிற்கிறது, உன் வெள்ளை வரமாட்டேன் என்கிறது. அதில் என்ன கலந்தாய்? மஞ்சளா, கொஞ்சம் பச்சையா? ஒரே ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அதுவரை அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். இந்த முறை எனக்கு அவசரமில்லை.

குழந்தைக்கு என் முத்தம். நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன்
அக்கா