களவு போகாத பூட்ஸ்

என் பிரியத்துக்குரிய ஞானப்பிரகாசம் அண்ணே,

நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதமாகிறது. உங்களுக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். முதலாளியின் கடைசிக் கடையையும் மூடியாயிற்று. ஹட்டன் கடைத்தெருவில் அந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி லொறியில் ஏற்றியதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். “அத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்ட கடையாச்சே” என்றார் பக்கத்தில் நின்றவர். கடையா சோறு போட்டது? சப்பாத்து மாட்டிவிட முட்டி போட்ட நம்முடைய முழங்கால்கள்தானே போட்டன!

முதலாளியும் நம்மைப்போல தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவர்தான். சுதந்திரம் வந்த கையோடு ஹட்டனில் ஒரு சப்பாத்துக் கடை திறந்தார். பிறகு தலவாக்கலை, பொகவந்தலாவை, கடைசியில் நுவரெலியா. தோல் பூட்ஸெல்லாம் சீமைச் சரக்கு, வாங்குவது துரைமாரும் கிளாக்கர்மாரும். நான்காவது கடை திறந்ததும் சொந்த அண்ணன் எதிரே வந்தாலும் அவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

அவர் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? வெறுங்காலோடு வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். நாம் நூலில் கால் அளவு எடுத்து உள்ளே போய்ப் பெட்டி தேட வேண்டும். போட்டுப் பார்க்க விடக்கூடாது. சப்பாத்துக் கடைக்குள் நுழையச் சப்பாத்துப் போட்டிருக்க வேண்டுமாம்! இப்படி ஒரு சட்டம் வேறு எந்த மடையனுக்குத் தோன்றும்?

பொகவந்தலாவைக் கடையில் நீங்களும் நானும் மட்டும் இருந்த காலம் அது. ஒரு மழை நாளில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வாசலில் வந்து நின்றார். அட்டை கடித்து இரண்டு காலிலும் இரத்தம். “யாருக்கும்மா சப்பாத்து?” என்று கேட்டேன். “எனக்குத்தாங்க” என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

நீங்கள் அவரை உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். உங்கள் கைக்குட்டையாலேயே இரத்தத்தைத் துடைத்து, முட்டி போட்டு, சப்பாத்தை மாட்டிவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது.

“கொழுந்து பறிக்கிறவளுக்கு என்னத்துக்குடா நாற்காலி?” என்று கத்தினார்.

நீங்கள் எழுந்திருக்கக்கூட இல்லை. “தொரசாணிக்கு முன்னால போட்ட முட்டிதாங்க இது. இந்தம்மாவுக்கு முன்னால போட்டா தேஞ்சா போயிரும்?”

அந்த அம்மா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவேயில்லை.

மறுநாள் காலை, ஒரு ஜோடி பழுப்பு பூட்ஸைக் காணவில்லை என்றார் முதலாளி. உங்கள்மீது பழி போட்டார். என் பக்கம் திரும்பி, “நீ பாத்தியாடா?” என்றார். அந்த ஜோடியை அதற்கு முந்தின வாரம் அவரே ஒரு துரைக்கு இனாமாக அனுப்பியிருந்தார். உங்கள் கண்முன்னால் பெட்டிக்குக் கயிறு கட்டியவன் நான். அண்ணே, நான் வாயைத் திறக்கவில்லை. ‘இவனுக்கும் தெரியும்’ என்று நீங்களும் என்னை இழுத்துவிடவில்லை. என்னை ஒருமுறை பார்த்தீர்கள், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். முதலாளியைக் கேவலமானவர் என்று எழுதுகிற இந்தக் கைக்குச் சொந்தக்காரன் மட்டும் என்ன யோக்கியன்?

களவெடுத்தவர் என்ற பேரோடு எந்த டவுனில் வேலை கிடைக்கும்? கிடைத்தது நோட்டன் பிரிட்ஜில் ஒரு பேக்கரி வேலைதான்; அந்த அடுப்புக்கு முன்னால் நின்றே உங்கள் நெஞ்சு கெட்டது.

முதலாளி கெட்ட கதையையும் கேளுங்கள். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு அரசாங்கம் தடை போட்டது. இருந்த சப்பாத்துகள் பனியில் பூசணம் பிடித்தன. ஹட்டனில் எதிர்க்கடை கரீம் நானாவோ உட்கார வாங்குப் பலகை போட்டு, “வாங்க தாயி, ஒக்காருங்க” என்று தோட்டத்துச் சனத்துக்கு ரப்பர் செருப்பு விற்றார். நாமும் விற்கலாம் என்றேன். “நான் என்ன சந்தைக்காரனா?” என்று முதலாளி சீறினார். நுவரெலியாக் கடை முதலில் போனது, மற்றவை பின்னாலேயே போயின.

நான் இப்போது கரீம் நானாவிடம் வேலை பார்க்கிறேன். போன செவ்வாய்க்கிழமை முதலாளி அங்கே வந்து உட்கார்ந்தார். இளைத்துப் போயிருந்தார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: “அந்த ஞானப்பிரகாசம் மாதிரி களவாணிப் பயலுகளாலதான் என் கடையெல்லாம் போச்சு.”

செத்த மனிதரைக்கூட விட மனமில்லை, பாருங்கள்! “அந்தப் பெட்டிக்குக் கயிறு கட்டினது நான்தாங்க. நீங்கதான் தொரைக்கு அனுப்பச் சொன்னீங்க” என்றேன். அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தீர்களா? “ஆமா, அதுக்கு இப்ப என்ன?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். இந்த மனிதனுக்குப் பயந்தா நான் இத்தனை வருடம் ஊமையாக இருந்தேன்?

செருப்புக் கடையில் நாலு பேர் கேட்டது போதாது, அண்ணே. வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜுக்கு வருகிறேன். பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது மாதாகோயில் வாசலில் நின்று, அண்ணியின் முன்னால், பிள்ளைகளின் முன்னால், நடந்ததையெல்லாம் சத்தமாகச் சொல்வேன். அண்ணி என் முகத்தில் துப்பினாலும் துடைக்காமல் நின்று, முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இது சத்தியம்.

அன்று வாய் திறக்காத உங்கள் தம்பி,
சுப்பையா