காலி மெஷின் ஓடிய பகல்கள்

என் வாலுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் ஒவ்வொரு காலையும் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன். நானும் நலம். இதை எழுதியதும் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். போனில் சொல்லியிருக்கலாம். "அம்மா, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று நீ நடுவில் புகுவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

கண்ணாடிக் கடையில் எல்லாம் வழக்கம்போல. போன வாரம் ஒரு லாரி டிரைவர் கண் சோதனைக்கு வந்தார், எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். சந்தேகப்பட்டு வேறு அட்டையை மாட்டினேன், அதற்கும் அதே எழுத்துகளையே சொன்னார். முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அண்ணே, கண்ணுக்குத் தர முடியாது, ஞாபகசக்திக்கு வேணா சர்டிபிகேட் தர்றேன்" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுபோனது. அந்த மனிதர் எனக்குச் செய்ததைத்தான் நான் உனக்கு ஆறு வாரமாகச் செய்து வருகிறேன்.

சோலார் வேலைப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பும் முன் நீயும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து மொட்டைமாடியில் நான்கு சோலார் பலகைகளை மாட்டினீர்கள். இந்த வீட்டில் எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று உன் போனில் ஒரு கோடாகத் தெரியும் என்றாய். அப்பா போன பிறகு என்னைத் தனியே விட்டுப் போக உனக்கு அது ஒரு தைரியம். முதல் மாதமே கேட்டாய், "என்னம்மா, நம்ம வீட்டுக் கோடு படுத்தே கிடக்கு? சமைக்கிறியா, இல்ல பிஸ்கட்டோட முடிச்சிடுறியா?" பிஸ்கட்தான். நான் சொல்லவில்லை. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்றாய், உன் குரல் உடைந்திருந்தது. மறுநாள் மதியமே ஆரம்பித்துவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு தெரு தாண்டி ஓடி வந்து, துணி போடாமல் வாஷிங் மெஷினை ஓட்டுவேன், மிக்ஸியில் வெறும் தண்ணீரைச் சுற்றவிடுவேன், உன் அறையில் ஃபேனைப் போட்டுவிட்டுத் திரும்பக் கடைக்கு ஓடுவேன். "வீட்ல என்னக்கா, புதையலா காக்கிறீங்க?" என்று முதலாளி கேலி செய்வார். சாயங்காலம் நீ கூப்பிட்டு, "ஒரு மணிக்கு நல்லா ஏறியிருக்கே, யாரு வந்திருக்கா?" என்று கேட்டாய். உன் சித்தி வந்து தங்கியிருக்கிறாள் என்று வாயில் வந்துவிட்டது. அவள் வரவில்லை. மூட்டுவலிக்காரி, நம் மாடிப்படியை நினைத்தாலே உட்கார்ந்துவிடுவாள். போனை அவளிடம் கொடு என்று நீ கேட்கும்போதெல்லாம் கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். இந்த ஆறு வாரத்தில் உன் சித்தி ஏறி இறங்காத கடையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், "நம்ம வீடுதான்மா என் ரிப்போர்ட்ல மூணாவது அத்தியாயம். வெயில் இருக்கும்போதே வேலையை முடிச்சுக்கிற வீடு. சார் அசந்துட்டாரு." இருபதாம் தேதி அதைக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் அந்தப் பெரிய சோலார் வயலில் நிரந்தர வேலை தருவார்கள் என்றாய். இன்னும் இரண்டு நாள் பயணம் தள்ளி. "நீ தனியா இல்லன்னு தெரிஞ்சதாலதான் தைரியமா சரின்னு சொல்லப்போறேன்" என்றாய். நான் ம் என்றேன்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. அந்த வீட்டில் யாரும் இல்லை. ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் அதை நம்பி அடுத்த நூறு வீட்டுக்குக் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். உன் சாரிடம் நேராகச் சொல், எங்கம்மா செய்த வேலை என்றே சொல். அவர் கோபித்துக்கொள்ளலாம், வேலை கைவிட்டுப் போகலாம். அந்தப் பயத்தில் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைப் படித்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயோ என்று ஒரு பயம். வராமல் இருந்துவிடுவாயோ என்றும் ஒரு பயம். அதையும் எழுதிவிடுகிறேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை.

வேலை கிடைத்தால் போ. எனக்காக வேண்டாம் என்று சொல்லாதே, எனக்காகச் சரி என்றும் சொல்லாதே. இன்று மதியம் மெஷினைத் தொடவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டில் கரண்டி படும் சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

கூரைகளில் ஏறும்போது இடுப்பு பெல்ட்டைக் கொக்கியில் மாட்டாமல் ஓரத்துக்குப் போகாதே, அவசரம் என்று யார் சொன்னாலும். வெயிலில் தொப்பி போடு. உன் கைக்கு வரும் எந்த வேலையும் உனக்கு நிலைக்கட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும். இனி நம் வீட்டுக் கோடு தாழ்ந்துதான் இருக்கும், பயந்துவிடாதே, நான் அவ்வளவுதான் இருக்கிறேன். என்றைக்காவது அது உயர்ந்தால், நிஜமாகவே யாரோ வந்திருக்கிறார்கள்.

உன்னை நினைத்தபடி,
அம்மா