காதர் பாய் கடையில் போட்ட கேசட்

அன்பு மங்கா,

அந்தப் பையன் தப்பாகப் பேசினானா? சனிக்கிழமையிலிருந்து இதையே என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தால் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லியிருப்பாய். நான் வழக்கம்போல நம்பாமல் கேட்டிருப்பேன்.

நீ கண்ணை மூடிய பிறகு டென்மார்க்கிலிருந்து வந்த முதல் கேசட்டில்தான் அவன் பேசியிருந்தான். நீ ஆரம்பித்து வைத்தபடிதான் எல்லாம் நடக்கிறது. நம் கோலசிலாங்கூர் பள்ளியின் ஐந்தாம் படிவப் பெண்கள் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அங்கே ஒரு பள்ளியில் அதே வயதுப் பெண்கள் கேட்டுவிட்டுப் பதில் பேசி அனுப்புகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. மொழியோடு மனிதர்களையும் படிப்பார்கள் அக்கா என்றாய். தபால்தலை சேர்ப்பார்கள், வேறொன்றும் நடக்காது என்றேன் நான். நம் இருவர் கணக்குமே தப்பிவிட்டது.

அந்த வகுப்பு ஹசீனாவின் வாப்பாவைச் சம்மதிக்க வைத்தது நீதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், வயதுக்கு வந்த பெண்ணின் குரல் ஊர் பேர் தெரியாதவர்களிடம் போவதா என்று தயங்கினார். வருகிற ஒவ்வொரு கேசட்டும் முதலில் உங்கள் கைக்குத்தான் வரும், நீங்கள் கேட்ட பிறகுதான் மகள் கேட்பாள், ஒளிவுமறைவே இருக்காது என்று வாக்குக் கொடுத்தாய்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் பகல் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவுக்குப் பக்கத்து ரேடியோவில் கேசட்டைப் போடுவார். எஸ்டேட்டில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்ற முனியாண்டி, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே வரிவரியாகத் தமிழில் சொல்வார். ஹசீனாவின் டென்மார்க் தோழி கிர்ஸ்டன் ஊரில் பனி உருகிவிட்டதா என்று லோரிக்காரர்கள்கூட விசாரிப்பார்களாம். பாய்க்கு அதில் எவ்வளவு பெருமை! உன் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயமும் அதுதான்.

சனிக்கிழமை கிர்ஸ்டன் பேசி முடித்ததும் ஓர் ஆண் குரல் வந்திருக்கிறது. அவளுடைய அண்ணன். தங்கையோடு சேர்ந்து நானும் உன் கேசட்டுகளைக் கேட்கிறேன், நீ சிரிக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவோம், ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கு என்றிருக்கிறான். அவ்வளவுதான். முனியாண்டி அதை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டார்.

உடனே ஒரு லோரி டிரைவர், "பாய், மாப்பிள்ளை ஏர்மெயில்லயே வந்துட்டாரு லா" என்றிருக்கிறான். நாலைந்து பேர் சிரித்திருக்கிறார்கள். பாய் கேசட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை ஹசீனா பள்ளிக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கிவிட்டது. பத்தாங் காலியில் துணிக்கடை வைத்திருக்கும் அவள் மாமா நாளைக் காலை வருகிறார், தமிழ்நாட்டில் தொண்டியில் ஒரு சம்பந்தம் பேசப் போகிறார்கள் என்று அவள் வகுப்புப் பெண் சொன்னாள்.

இன்று மத்தியானம் கடைக்குப் போனேன். நான் இப்படி யார் வாசலிலும் போய் நிற்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பாய் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

"உங்க மேல கோவம் இல்ல டீச்சர்," என்றார். "மௌத்தானவங்கள கொற சொல்லவும் கூடாது. ஆனா அந்த டீச்சர் பேச்ச நம்பித்தானே நாலு பேரு முன்னால போட்டேன். இப்ப எம்புள்ள சிரிப்பப் பத்தி இந்த ஊரே பேசுது."

தேர்வைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். அவள் வகுப்பிலேயே முதல் மாணவி என்றேன். அதற்கும் தலையாட்டினார். சமையற்கட்டுத் திரைக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

அந்தப் பையன் ஊரில் இப்படிப் பேசுவது சாதாரணம் என்று சொல்ல வாயெடுத்தேன், மங்கா. சொல்லவில்லை. சாதாரணம் என்று எனக்கு யார் சொன்னது? நான் அந்த ஊரைப் பார்த்ததுண்டா? அங்கேயும் மகன் பேசியதைக் கேட்டால் முகம் சுளிக்கிற தகப்பன் இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் படித்த எதுவும் அந்த நாற்காலியில் எனக்குக் கைகொடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது, கொஞ்சம் எரிச்சலோடுதான், "அந்தப் பையனுக்கும் ஒரு வாப்பா இருப்பாரு பாய்" என்றேன். எரிகிற நெருப்பில் நான் ஊற்றியது இன்னும் கொஞ்சம் எண்ணெயோ என்னவோ. நீயாக இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பாய்?

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று நடந்தது இது.

முதல் பாடம் முடிவதற்குள் பாய் பள்ளிக்கு வந்துவிட்டார். கூடவே ஹசீனாவின் மாமா. பின்னால் தலை குனிந்தபடி ஹசீனா. பள்ளியிலிருந்து பேரை எடுக்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். "டேப்பும் வேணாம், ஸ்கூலும் வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்க மச்சான்," என்று மாமா தாழ்வாரத்திலேயே சொல்லிக்கொண்டு வந்தார். பாய் என்னிடம், "டேப்பு மெசினு எங்க டீச்சர்? அந்தப் பையனோட வாப்பாகிட்ட நான் பேசணும்," என்றார்.

பள்ளிச் சாமான்கள் வைக்கும் அறையில், உன் மேசையில், உன் ரெக்கார்டரில்தான் பதிவு செய்தோம். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினார்.

"கோலசிலாங்கூர்லருந்து ஹசீனாவோட வாப்பா காதர் பேசுறேன். நீங்களும் புள்ள பெத்தவரு. எங்கூட்டுப் பொண்ணு சிரிப்பப் பத்திப் பேச உங்க மகனுக்கு உரிமை இல்ல. மத்தபடி அவரு மேல எனக்கு வருத்தமில்ல. இந்தப் பக்கம் வந்தா நீங்க குடும்பத்தோட என் கடையில சாப்பிடணும்."

பிறகு மகளைப் பார்த்து, "இப்ப இங்கிலீசுல சொல்லு. உள்ளத உள்ளபடி சொல்லு," என்றார்.

ஹசீனா சொன்னாள். எங்கும் நிற்கவில்லை. அந்த உரிமை என்ற இடத்தில் மட்டும், எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் என் வாப்பாவிடம் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தாள். அவள் மாமாவுக்கு வியாபார ஆங்கிலம் தெரியும். வித்தியாசம் புரிந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னதத்தானே சொன்னா?" என்று பாய் கேட்டார்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னா பாய். அவங்களுக்குப் புரியற மாதிரி."

பாய் ஹசீனாவின் மாமாவைப் பார்த்தார். "புள்ள இங்கிலீஸ் நல்லாத்தான் பேசுது," என்றார் மாமா.

தொண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பாய் எழுந்து, "கிளாசுக்குப் போம்மா," என்றார். அவள் போனாள். இதை உனக்கு எழுதி பத்திரிகையில் அச்சுக்கும் கொடுக்கலாமா என்று அவரிடமே கேட்டேன். பேரை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

கேசட் மத்தியானத் தபாலில் போய்விட்டது. பதில் வந்தால் நீ கொடுத்த வாக்குப்படி முதலில் பாய் கையில்தான் கொடுப்பேன். ஆனால் கடையில் போடவிட மாட்டேன். அவர் வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஹசீனாதான் தமிழில் சொல்வாள். அவள் எந்த இடத்தை எப்படிச் சொன்னாலும் நான் குறுக்கே பேசமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

டீச்சர் என்று கூப்பிடச் சொல்லியும் நீ ஒரு நாளும் கேட்காததால்,
உன் அக்கா