சாந்த்ராகாச்சிக்குப் போன இரண்டு சைக்கிள்கள்

பெஹாலா,
நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பத்மஜாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அனன்யாவும் அந்தக் கால்கரிப் பனியில் சளி இருமல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்பா விஷயத்தில் அந்த வார்த்தையை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. போனில் சொன்னால் போதாதா, இந்தக் காலத்தில் காகிதம் எதற்கு என்பாய். போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸப்பில் நீ அனுப்புவதையும் அவர்தான் முதலில் படிக்கிறார். அதனால் உனக்கு எல்லாவற்றையும் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். நீ கேட்டது என்னவோ ஒரே கேள்விதான், மாப்பிள்ளை அனுப்பிய மெத்தை வண்டிக்குப் பொருந்தியதா, இல்லாவிட்டால் சைக்கிளை எப்படி ஏற்றப் போகிறீர்கள் என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு பார்க்கின்ஸன் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது, அது உனக்குத் தெரியும். போன தடவை நீ வந்தபோது கை நடுக்கம்தான் பெரிதாக இருந்தது. இப்போது நடை. வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் நீல டேப் ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொரு கோடாகத் தாண்டச் சொல்லி ஒண்ணு ரெண்டு என்று நான் எண்ணினால்தான் கால் எழும்பும். இப்படி இருக்கையில் ஆகஸ்டில் ஒரு நாள் காலை ரத்தப் பரிசோதனைக்குப் போக ஆட்டோவுக்காகக் கீழே நின்றோம். கேட்டருகில் காவலுக்கு இருக்கும் தர்வான் தன் சைக்கிளைச் சாத்தியிருந்தார். அப்பா பிடிமானத்துக்கு அதன் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். நான் ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் மனுஷரைக் காணோம். சந்து முனையில் இனிப்பு விற்கும் மிஷ்டிக் கடையைத் தாண்டி சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்! எப்படி ஏறினார், காலை எப்படித் தூக்கிப் போட்டார் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. நான் கத்திய கத்தலில் மூன்று மாடியிலும் ஜன்னல் திறந்தது. அவர் நிதானமாகத் திரும்பி வந்தார், முதுகு நேராக, கை நடுங்காமல். ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. எதிர் வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் போய் இறங்கிவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு. மணலில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, "கால் இன்னும் இருக்குடி" என்றார். நான் அழுதேனா திட்டினேனா என்று நினைவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது.

டாக்டரிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. சிலருக்கு அப்படி உண்டு, நடக்க முடியாதவர் சைக்கிள் விடுவார், முழுக் காரணம் எங்களுக்கும் தெரியாது என்றார். படித்தவருக்கே தெரியாவிட்டால் நான் என்ன செய்வேன், அதே கால்தானே இரண்டும் என்று அன்றைக்குப் பிடித்த குழப்பம் இன்னும் விடவில்லை. டாக்டர், சைக்கிள் விடலாம், ஆனால் ஆட்டோவும் பஸ்ஸும் வராத ரோடாக இருக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும், பக்கத்தில் ஒருவர் இன்னொரு சைக்கிளில் கூடவே வர வேண்டும், ஏற இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்றார். பெஹாலாவில் அப்படி ரோடுக்கு எங்கே போவது? அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த வேலாயுதம் மாமா இப்போது ரயில்வேயில் இருக்கும் மகளோடு ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் இருக்கிறாரில்லையா, அவர்தான் காலனிக்குள் மைதானத்தைச் சுற்றி நல்ல தார் ரோடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாய்கூட குறுக்கே வராது, "கூட்டிட்டு வாங்க அண்ணி, நான் சார் பக்கத்துலயே ஓட்டறேன்" என்றார். அவருக்கு உன் காலேஜ் சைக்கிள், அப்பாவுக்குத் தன் பழைய பச்சை சைக்கிள். பெரிய பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள், டாக்ஸிக்காரரோ பார்த்ததுமே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அப்புறம்தான் பக்கத்துச் சந்தில் பந்தல் போடும் டெக்கரேட்டர் நிமாய் தன் பிக்கப் வண்டியைத் தருகிறேன், நானே ஓட்டி வருகிறேன் மாஷிமா என்று சித்தியை அழைக்கிற மாதிரி அழைத்து ஒப்புக்கொண்டான்.

வண்டி கிடைத்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன், அப்போதுதான் ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஆசையாக அனுப்பிய அந்த மெத்தை, பின் கதவின் மேல் போர்த்தி சைக்கிளின் முன்சக்கரத்தை வெளியே தொங்கவிடுவது, வந்தது. அங்கே உங்கள் வண்டியின் கதவு இடுப்பு உயரம், நிமாய் வண்டியின் கதவு முழங்கால் உயரம். போர்த்திப் பார்த்தால் பாதி ரோட்டில் இழுபடுகிறது, நம்பர் பிளேட்டும் மறைகிறது. மாப்பிள்ளையிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல், இப்போது அப்பா அதை முதுகுக்கு வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார், சுகமாக இருக்கிறதாம். அப்புறம் நீ அனுப்பிய படத்தில் இருந்தது, வண்டியின் பின்னால் சதுர இரும்புத் துளையில் சொருகும் சைக்கிள் தாங்கி. நிமாய் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு அப்படித் துளை எதுவும் கிடையாது என்று எழுந்து வந்தான். இரண்டையும் படுக்கப் போட்டு நடுவில் வைக்கோல் வைக்கலாம் என்றான். சங்கிலியும் பெடலும் ஒன்றோடொன்று சிக்கும் என்று அப்பா கூடவே கூடாது என்றுவிட்டார். அவர் தானே ஒரு படம் போட்டார், முன்சக்கரத்தைக் கழற்றி, முன் கவட்டை ஒரு பலகையில் பூட்டுவது. எறும்பு மாதிரி சின்னச் சின்ன எழுத்தில் அளவெல்லாம் குறித்திருந்தார், பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சக்கரத்தின் நட்டைத் திருப்ப வேண்டுமே, ஸ்பானர் நிற்கவில்லை விரலில். அரை மணி நேரம் முயன்றார். நானும் நிமாயும் உதவிக்குக் கை நீட்டவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நின்றோம். ஸ்பானரை அந்தப் படத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள், இரண்டாவது மாடி ரஞ்சன் சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டு அங்கே வேறு வாங்குங்கள் என்றான், நீ இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்றாய், மாப்பிள்ளை உன் பின்னாலிருந்து தேவைதான் என்றார், எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் நிற்க வைத்துக் கயிற்றால் பக்கக் கம்பியில் கட்டிப் பார்ப்போம் என்று ஒத்திகை பார்த்தோம். நிமாய் உன் சைக்கிளைக் கட்டினான், அப்பாவுடையதை நான் கட்டினேன். அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் வேகத்தடையிலேயே அப்பாவின் சைக்கிள் சரிந்து விழுந்தது, பிரேக் ஒயர் அறுந்து ஹாண்டில்பார் கோணிக்கொண்டது. அப்பா இறங்கி, பிரிந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார். இரண்டு வாரம் சைக்கிள் என்ற பேச்சே எடுக்கவில்லை. அந்த முடிச்சை நான்தான் போட்டேன் பத்மஜா. கொடியில் புடவை கட்டுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி விட்டேன். எனக்குக் கெட்டியாக முடிச்சுப் போடத் தெரியாதா என்ன, ஊறுகாய் ஜாடி வாயை நான் கட்டினால் உனக்கே அவிழ்க்க வராதே. வேண்டுமென்று செய்தேனா என்று என்னையே நூறு தடவை கேட்டுவிட்டேன், ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு வழி தோற்றபோதும் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டது நான்தான். வண்டியில் சைக்கிள் ஏறாதவரைக்கும் அவர் சைக்கிளில் ஏற மாட்டார், அவ்வளவுதான் என் மனசில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் தூக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த இரண்டு வாரம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நீல டேப்பைக்கூடத் தாண்ட முயலவில்லை, எல்லாவற்றுக்கும் என்னையே கூப்பிட்டார். அதைப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை.

அதனால் நானே ஒரு நாள் அப்பாவின் சைக்கிளைக் கடையில் கொடுத்துச் சரிசெய்துவிட்டு நிமாயின் கோடவுனுக்குப் போனேன். ஜகத்தாத்ரி பூஜைப் பந்தல்களைப் பிரித்துக் குவித்திருந்தார்கள், கல்யாண வாசல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார் பஞ்சானன் என்று ஒரு பெரியவர். ஆணியே இல்லை, மூங்கிலும் சணல் கயிறும்தான், மேலே இரண்டு ஆள் ஏறி நடக்கிறார்கள், ஆடவே இல்லை. அவரிடம் போய், இதே மாதிரி வண்டியில் இரண்டு சைக்கிளை ஆடாமல் கட்ட முடியுமா என்று கேட்டேன். நாற்பதடி சாமியை லாரியில் ஏற்றியிருக்கிறேன் மாஷிமா, சைக்கிளா பெரிது என்றார். சனிக்கிழமை வந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூங்கில் நிறுத்தி, சீட் உயரத்துக்குக் குறுக்கே ஒன்று, கீழே சக்கரம் நகராமலிருக்க இரண்டிரண்டு துண்டு. சைக்கிளை நிறுத்திக் குறுக்கு மூங்கிலோடு பழைய புடவைத் துணியால் கட்ட வேண்டியதுதான். ஆனால் இரண்டு ஹாண்டில்பாரும் முட்டிக்கொண்டன. அதற்குள் அப்பா கீழே வந்திருந்தார், தர்வான் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே. ஒன்று முன்னால் பார்த்தும் மற்றது பின்னால் பார்த்தும் இருக்கட்டும் என்று வங்காளியில் சொன்னார். திருப்பி வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. பஞ்சானன் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் டீ கொண்டுவருகிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை போனோம். பாலத்தின் மேல் காற்று அடித்த அடியில் நான் நூறு தடவை திரும்பிப் பார்த்தேன், இரண்டு சைக்கிளும் அசையவில்லை. காலனியில் வேலாயுதம் மாமாவும் நிமாயும் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்து அப்பாவை ஏற்றினார்கள், ஒரு தள்ளு, அவ்வளவுதான், போய்விட்டார். உன் லேடீஸ் சைக்கிளில் வேலாயுதம் மாமா மூச்சிரைக்கப் பின்னால். நானும் நிமாயும் வண்டியில் மெதுவாகத் தொடர்ந்தோம். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரச மரத்துக்குக் கீழே வளைவில் அழகாகச் சாய்ந்து திரும்பினார். நிமாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "மாஷிமா, இவர் நம்ம மெஷோமஷாய்தானா?" என்று கேட்டான். பின்னே, உன் மாஷிமாவின் வீட்டுக்காரர் வேறு யார் என்றேன். நான்கு சுற்றுக்குப் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. மூன்று மாதமாகச் சைக்கிளை எப்படி ஏற்றுவது என்றே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோமே தவிர டாக்டர் சொல்லியிருந்தும் அப்பாவை எப்படி இறக்குவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை, பிரேக் பிடித்தால் காலை ஊன்ற அவருக்கு வராதே. பக்கத்தில் பிடிக்க வேண்டிய வேலாயுதம் மாமா அரைச் சுற்றுப் பின்தங்கிவிட்டார். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன், அப்பா மணியடித்துக்கொண்டே என்னைச் சுற்றிப் போனார்! அடுத்த சுற்றில், "என்னடி பண்ணப் போறே, எனக்குக் கால் வலிக்கறது" என்று கத்திக்கொண்டு போனார். அதற்கடுத்த சுற்றில் அவரே நிமாயைப் பார்த்து வண்டியை ஓரமாக அசையாமல் நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டார். மெதுவாகப் பக்கத்தில் ஒட்டி வந்து, ஓரத்து மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். சைக்கிள் கீழே போயிற்று, நிமாய் அவரைப் பிடித்துக்கொண்டான். காலைத் தரையில் வைத்ததும் அது பழையபடி ஒட்டிக்கொண்டது, கையும் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்துக்கு முன் பார்த்தது இதே ஆளைத்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

திரும்பி வரும்போது அந்த முடிச்சைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நிமாய்க்குத் தமிழ் தெரியாது, அந்தத் தைரியம். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் கப்பலைக் கரையோட கட்டற கயித்தைப் பாத்தவன்டி நான். பிரிஞ்சு கெடந்த கயித்தைப் பாத்தாலே தெரியாதா" என்றார். ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்றேன். "சைக்கிள் விழுந்தப்போ எனக்கும் அப்பாடான்னு இருந்தது" என்றார். அவருக்கும் பயம்தான் பத்மஜா. நான்தான் அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்து இரண்டு பேர் பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தேன். வீட்டு வாசற்படியில் வழக்கம்போல நின்றுவிட்டார், நான் எண்ண வேண்டியிருந்தது, பதினொன்று வரை எண்ணிய பிறகுதான் கால் எழும்பியது. இதனால் உடம்பு தேறுமா, தேறாதா, இன்னும் எத்தனை நாள் இப்படி ஓட்டுவார் என்று என்னைக் கேட்காதே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிமாயிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் வண்டி சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கல்யாண வேலை இருக்கிறது, ஆறு மணிக்கே கிளம்ப முடியுமானால் சரி என்றான். முடியும் என்று சொன்னேன்.

நீ இனிமேல் அங்கிருந்து எந்தக் கம்பியும் மெத்தையும் அனுப்ப வேண்டாம். மாப்பிள்ளையிடம் என் ஆசீர்வாதத்தைச் சொல், அனன்யாவைக் காது மூடாமல் வெளியில் விடாதே, அவளோடு தினம் பத்து நிமிஷமாவது தமிழில் பேசு, போனில் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டு ஓடிப்போகிறாள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வைட்டமின் மாத்திரையை மறக்காதே. பங்குனியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போடும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்குகிற மாதிரி மட்டும் போடாதே, அழைத்துவர வீட்டில் ஆள் இருக்காது. நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, மனசுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நாகலட்சுமி