மெலிந்தவர்கள் தேவை

ஜூலை 6, ஞாயிறு

தேபுதா வந்திருந்தார். எங்கள் தெருப் பூஜைக் கமிட்டியின் செயலாளர். இரண்டு தடவை காப்பி குடித்து, ஒரு தட்டுத் தட்டையைக் காலி பண்ணிவிட்டு விஷயத்துக்கு வந்தார். இந்த வருஷம் துர்கா பூஜைப் பந்தலுக்குத் தீம், இரண்டாம் உலகப் போரும் வங்காளமும். உள்ளே வருகிறவர்கள் படிக்கப் பலகைகள் எழுதித் தர வேண்டும். "பௌதி, நீங்க ஹிஸ்ட்ரி டீச்சர். உங்களை விட்டா யாரு?" தெருவில் எல்லாருக்கும் நான் பௌதி, அண்ணி.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாலிகஞ்ச் பள்ளியில் வருஷாவருஷம் "போருக்கான காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து" என்று ஒப்பிக்க வைத்து என் வாயே கசந்து கிடக்கிறது. பாடப்புத்தகத்தில் போலந்து இருக்கிறது, ஹிரோஷிமா இருக்கிறது. நாற்பத்துமூன்று பஞ்சத்தில் இந்த ஊர் நடைபாதையில் பசியில் செத்தவர்களுக்கு ஒரே ஒரு வரி. பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் அதையும் தாண்டிப் போகின்றன. பந்தல் கூட்டமாவது படிக்கட்டுமே. சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இவளே, தட்டை தின்ன வந்தவன் தட்டையோட போகமாட்டான்." என் வீட்டுக்காரருக்கு யாரைத்தான் பிடித்திருக்கிறது!

ஜூலை 19, சனி

இன்று முழுக்க எழுதினேன். ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. அடுத்து ஜப்பான்காரன் இங்கேதான் வருவான் என்று பயம். வந்தால் அவன் கையில் எதுவும் சிக்கக் கூடாதாம். கரையோரக் கிராமங்களில் படகுகளைப் பிடுங்கினார்கள், உடைத்தார்கள், நெல்லை வாரிக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. படகு போனவன் எதில் போய் மீன் பிடிப்பான்? போதாக்குறைக்கு மேதினிப்பூரில் புயல். இருந்த அரிசி முதலில் பட்டாளத்துக்கு, ஆலைக்கு, ஆபீஸுக்கு. கிடர்பூர் கப்பல்துறையில் குண்டு விழுந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, அது சத்தம் போட்டது. அரிசி விலை ஏறியபோது சத்தமே இல்லை.

இதில் எதைக் காரணம் என்பது, எதை விளைவு என்பது? ஒவ்வொன்றும் அடுத்ததைப் பெற்றுப் போட்டுக்கொண்டே போகிறது. அப்படியேதான் எழுதினேன், அம்புக்குறி போட்டு. கடைசிப் பலகையில் மட்டும் மனிதர்கள்: "வயிறு முதுகோடு ஒட்டியவர்கள் தகரக் குவளையோடு வந்தார்கள். சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கவில்லை."

எழுதிவிட்டு இரவு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காரணங்களை எல்லாம் வெட்டிவிட்டார் தேபுதா!

"அருமை பௌதி, அருமை. ஆனா காரணம் ரொம்ப நீளம். போலீஸ் கூட்டத்தை நிக்க விடமாட்டான், ஜனங்க நடந்துக்கிட்டே பார்க்கணும். விளைவு போதும். விளைவுதான் டச்சிங்."

டச்சிங்காம். கர்மம். ரங்கூன் இல்லை, படகு இல்லை, பட்டாளம் இல்லை. கடைசிப் பலகை மட்டும் இருக்கிறது. யாரும் எதுவும் செய்யாமல் வானத்திலிருந்து பசி பொத்தென்று விழுந்த மாதிரி.

சண்டை போட்டேன். ஒரு பலகை திரும்பக் கிடைத்தது, வெளியேறும் வழியில், தற்காலிகக் கழிப்பறைக்குப் பக்கத்தில்.

ஆகஸ்ட் 30, சனி

என் மகள் சஹானாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பந்தலை வடிவமைக்கும் ஆர்ட்டிஸ்டுக்கு உதவியாளர். டிசைன் படித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்த பெண், சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டேன், அவள் வாயைத் திறக்கும் வரைக்கும்.

ஃபைபர் பொம்மை கிடையாதாம். நிஜ மனிதர்களைப் பந்தலுக்குள் படுக்க வைப்பார்களாம், பஞ்சத்தில் செத்தவர்களாக, சாகப் போகிறவர்களாக. கமிட்டி வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தாயிற்று: "மெலிந்தவர்கள் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை."

முன் அனுபவம்! அறிவிப்புக்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டும் எமோஜிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 13, சனி

கிளப் அறையில் ஆள் எடுத்தார்கள். வந்தவர்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, விலா எலும்பு தெரிகிறதா என்று பார்த்து, போட்டோ பிடித்து... பார்த்தது யார்? நான் பெற்றது.

"சந்தையில மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி இருக்குடி. உனக்குக் கூசலையா?"

"அட போ, மா! அவங்களுக்குச் சம்பளம் குடுக்கறோம். இது ஆர்ட். அப்புறம், 'வயிறு முதுகோடு ஒட்டியவர்கள்' நீ எழுதினதுதானே? அதை வெச்சுத்தான் ஆர்ட்டிஸ்ட் காஸ்டிங் பண்ணாரு."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதினது இதுக்கா? இதுக்காடி எழுதினேன்?

செப்டம்பர் 23, செவ்வாய்

விடியும்போது தெருவே குளம். ராத்திரி கொட்டிய மழையில் மாடிப்படிக்கு அடியில் இருந்த கலியனின் இஸ்திரி மேஜை மிதந்து வாசல் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. கரி மூட்டை சேறாகிவிட்டது. யாருடைய புடவையோ இரண்டு சாக்கடையோடு போய்விட்டது, அதற்கு வேறு அவர் பதில் சொல்ல வேண்டும்.

கலியன் முன்பு கிடர்பூரில் மூட்டை தூக்கினவர். முதுகு போன பிறகு இங்கே வந்தார். சர்க்கரை வியாதி வந்து ஆளே கரைந்துவிட்டார். கழுத்து எலும்புக் குழியில் தண்ணீர் நிற்கும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சிரிக்கிறார்.

"பூஜைப் பந்தல்ல பேர் குடுத்துட்டேன் டீச்சரம்மா. படுத்தே கிடக்கற வேலை. யாருக்குக் கிடைக்கும்? பாப்பாதான் சேத்து விட்டுச்சு."

பாப்பா என்றால் சஹானா. மழை பெய்திருக்காவிட்டால் அவர் போயிருப்பாரா? தெரியவில்லை. மேஜை காயும் வரை அவருக்கு வேறு வழி இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

பந்தல் வாசலில் விளம்பரதாரர் பேனர் ஏறிவிட்டது. யார் தெரியுமா? ஜீரண மாத்திரைக் கம்பெனி. மேலே "சாப்பிடுங்கள், கவலைப்படாதீர்கள்" என்று ஒரு தொந்திக்காரன் சிரிக்கிறான். அவன் காலடியில் பஞ்சத்துக்கு நுழைவாயில். இடது பக்கம் ரோல் கடை, வலது பக்கம் பிரியாணி.

இன்னொன்றும் காதில் விழுந்தது. பந்தல் போட்டி நடுவர்கள் வந்து போகும் வரை படுத்திருப்பவர்கள் சாப்பிடக் கூடாதாம். சாப்பிட்டால் வயிறு உப்பித் தெரியுமாம். தேபுதாவிடம் நேரே போனேன். கலியனுக்குச் சர்க்கரை, மாத்திரை போடுகிற உடம்பு, பட்டினி போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆள் விழுந்துவிடுவார் என்று சொன்னேன்.

"ஒரு நாள்தானே பௌதி. நாங்களும் அஷ்டமிக்கு உபவாசம் இருக்கோம்ல?"

செப்டம்பர் 28, ஷஷ்டி

கலியன் விழுந்துவிட்டார்.

நடுவர்கள் உள்ளே நுழைந்த நேரம். குவளையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழப் பார்த்தார், கண் செருகியது, அப்படியே முகம் குப்புற விழுந்தார். குவளை உருண்டு ஒரு நடுவர் அம்மாள் காலில் போய் நின்றது. கூட்டம் கைதட்டியது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ரியலிசம்!" என்றாள். ஒருத்தர் குனியவில்லை. செல்போன்தான் குனிந்தது.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதற்குள் சஹானா அவரைத் திரைக்குப் பின்னால் இழுத்துப்போய் வாயில் சர்க்கரை போட்டிருந்தாள். "மா, இனிமே அவரைச் சாப்பிட வைக்கிறது என் பொறுப்பு" என்றாள். அன்றைய சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

செப்டம்பர் 29, சப்தமி

பரிசு கிடைத்துவிட்டது. "சிறந்த நேரடி அனுபவம்." தெரு முழுக்க டாக் மேளம் அடிக்கிறார்கள், தேபுதா ஆடுகிறார்.

அவர் ஆடட்டும். அடுத்ததைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கலியன் விழுந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறதாம், ஜனங்கள் "அந்தக் கிழவர் எப்போ விழுவார்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்களாம். அதனால் இனி சாயங்காலத்திலிருந்து மணிக்கு ஒரு தடவை விழ வேண்டும். சம்பளம் இரட்டிப்பு. மைக்கில் அறிவித்துவிட்டார்கள்.

மாடிப்படியடியில் கலியனைப் பிடித்து நிறுத்தினேன். "வேணாம் கலியன். உங்களுக்கு என்ன வேணுமோ நான் தரேன்."

"நீங்க எத்தினி நாளைக்குக் குடுப்பீங்க டீச்சரம்மா? இது உழைச்ச காசு. இப்ப நெசமா விழலியே, நடிப்புதான். சாக்கு போட்ட பக்கமாப் பாத்து விழறேன், அடிகூடப் படாது." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "எம் பேரு கூட மைக்குல சொன்னாங்க."

நாலு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 30, அஷ்டமி

போகவில்லை. இங்கிருந்தே கைதட்டல் கேட்கிறது, மணிக்கு ஒரு தடவை. கோபு ஜன்னலைச் சாத்தினார்.

அக்டோபர் 1, நவமி

கை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன்.

கடைசி ராத்திரிக் கூட்டம், தெருவில் நடக்க இடமில்லை. கலியன் ஒரு தடவை விழுந்தார், கைதட்டினார்கள். அடுத்த மணிக்கு மைக்கில் பெயரைச் சொன்னார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. விழுவதற்கு எழுந்து உட்கார வேண்டுமே என்று ஆர்ட்டிஸ்டின் ஆள் போய்த் தோளைத் தட்டியிருக்கிறான். அப்போதுதான் தெரிந்திருக்கிறது. முந்தின தடவை விழுந்தது நடிப்பே இல்லை.

அதுவரை, அந்த நேரம் முழுக்க, அவரைப் பார்த்துக்கொண்டே ஜனம் நடந்திருக்கிறது. அவர் பக்கத்தில் குந்தி செல்ஃபி எடுத்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. அய்யோ, ஒருத்தன்... ஒரே ஒருத்தனுக்குத் தொட்டுப் பார்க்கத் தோணலையா? தொடக் கூடாதுன்னு போர்டு போட்டிருந்தாங்களாம்!

சஹானா பகலில் சோறு கொடுத்திருக்கிறாள். "ராத்திரிக்குச் சேத்துத் திங்கறேன் பாப்பா, வயிறு தெரிஞ்சா நல்லாயிருக்காது" என்று சொல்லி மூடி வைத்தாராம். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அங்கே ஆயிரம் வேலை.

ஆம்புலன்ஸ் கூட்டத்தில் நுழைய முடியவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

அக்டோபர் 2, தசமி

காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கடைசி வரை கண்ணைத் திறக்கவில்லை. சஹானா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். நான் தட்டவில்லை.

அக்டோபர் 4, சனி

கமிட்டி இரங்கல் கூட்டம். தேபுதா பேசினார்: கலியன் ஒரு மாபெரும் கலைஞர், கடைசி மூச்சு வரை மேடையில் இருந்தவர். சர்க்கரை வியாதி எடுத்துக்கொண்டுவிட்டது, விதி.

நான் எழுந்து நின்றேன். சர்க்கரை இல்லை, பட்டினி என்றேன். பட்டினி போட்டது யார், பரிசு கொடுத்தது யார், அந்தப் பரிசைப் பார்த்து மறுபடி விழச் சொன்னது யார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிவிட்டது. பலகை எழுதினது யார் என்பதையும் சொன்னேன். யாரும் தடுக்கவில்லை. முடித்ததும் ஒருவர் தொண்டையைக் கனைத்துவிட்டு, "பௌதி ரொம்ப அப்செட்டா இருக்காங்க, டீ கொண்டாங்கப்பா" என்றார்.

டீ வந்தது. எல்லாரும் குடித்தார்கள். பிஸ்கட்டும் இருந்தது. சஹானா தன் சம்பளக் கவரை மேஜை மேல் வைத்துவிட்டு என்னோடு வெளியே வந்துவிட்டாள். தூ! அந்தப் பக்கமே இனி தலை வைத்துப் படுப்பதில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மாடிப்படியடியில் மறுபடி மேஜை போட்டிருக்கிறது. கலியனின் மனைவி செல்வராணி இஸ்திரி போடுகிறாள். பெட்டியைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் தள்ளுகிறாள். நாளை காளி பூஜை. தெருவில் மறுபடி பந்தல் மூங்கில் இறங்கியிருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் சஹானாவும் கடைக்குப் போய்விட்டு வந்தோம். எங்களைக் கண்டதும் பெட்டியை ஓரமாக வைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன், என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். சஹானா தலையைக் குனிந்துகொண்டாள்.

செல்வராணி அழவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சஹானாவிடம் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள்.

"பாப்பா, அடுத்த வருசமும் ஆள் எடுப்பாங்களா? நானும் அவரு மாதிரியே ஒல்லிதான், பாரு."