வலப்பக்கம் தேய்ந்த சக்கரம்

இன்று காலை உன் ஸ்கூட்டரின் முன்சக்கரம் என் மடியில் கிடந்தது. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் மண்ணெண்ணெய் வாசனை விரலைவிட்டுப் போகவில்லை. அந்த வாசனையோடுதான் உனக்கு எழுதுகிறேன்.

சக்கரத்தைக் கொண்டுவந்தவன் அந்தோணி. உன் கோயில் ஆள், உன்னோடு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நீ கண்ணை மூடிய பிறகு உன் வண்டி அவனுக்குத்தான் போனது. "அண்ணே, அவரே சொல்லிட்டாரு, அந்தோணிக்குக் குடுத்துருன்னு" என்று உன் மனைவி ரோசலின் சொன்னபோது, நல்லது தங்கச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்லது என்று நான் நினைக்கவில்லை. தோட்டத்துப் பள்ளியிலிருந்து கூட வந்தவன் நான். அவன் நேற்று வந்தவன்.

உனக்கு வயதாகிவிட்டது என்று உன் மகள் உன் மோட்டார் சைக்கிளை விற்ற மறுவாரம், காலால் உந்தி ஓட்டும் அந்த ஸ்கூட்டரோடு மலாக்கா பாச்சாங் ஒட்டுக்கடையில் வந்து நின்றாய். பசியாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னா அங்கிள், பேரப்புள்ள வண்டியா?" என்று ஒருவன் கேட்டான்.

"பெட்ரோல் வேணாம், லைசென்ஸ் வேணாம், பொண்டாட்டி பின்னால ஏறவும் முடியாது. வேற என்னா லா வேணும்?" என்றாய் நீ.

கடையே உன் பக்கம் சாய்ந்தது. உனக்கு எப்போதும் அப்படித்தான். நான் அதே பேச்சைப் பேசியிருந்தால் ஒருவனும் சிரித்திருக்க மாட்டான். அந்த மாதமே நானும் ஒன்று வாங்கினேன். உன்னைப் பார்த்து வாங்கவில்லை என்று அப்போது சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

என் வண்டிக்குச் சிறிய, கெட்டியான சக்கரம். உன்னுடையது பெரியது, மெத்தென்று இருக்கும். கடையில் நகத்தால் அழுத்திப் பார்த்து எடுத்ததாகப் பெருமை அடித்தாய். "நகம் கொஞ்சம் பதியணும். பதியலன்னா ரோட்டுல உள்ள கல்லெல்லாம் உன் பல்லுல வந்து ஆடும்."

"மெத்துன்னு இருந்தா சீக்கிரம் தேஞ்சிரும்பா."

"தேயட்டுமே. சக்கரம் தேயத்தான் இருக்கு. முழங்காலு தேயக்கூடாது."

வழவழப்பான தரையில் கெட்டிச் சக்கரம்தான் ஓடும். நம் தாமான் குடியிருப்பு ரோடு வழவழப்பாக இல்லாதது என் குற்றமில்லை. நான் கடகடவென்று வருவது மூன்று வீடு தள்ளிக் கேட்கும். நீ பூனைபோல வந்து முன்னால் நிற்பாய். அதை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

ஆனால் வாங்கத் தெரிந்த உனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. உம்பாய்க் கடற்கரைக்குச் சுட்ட மீன் சாப்பிட உன் மகள் நம்மைக் காரில் கூட்டிப்போனாளே, இரண்டு வண்டிகளையும் பின்னால் போட்டுக்கொண்டு. கடலோரத்தில் ஓட்டியதில் சக்கரத்துக்குள் மணல் போய்விட்டது. நீ குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சப் போனாய். நான்தான் பிடுங்கினேன். பேரிங்கில் தண்ணீர் இறங்கினால் துரு ஏறும். காய்ந்த துணியால் துடை, பிரஷ்ஷால் மணலைத் தட்டு, கழற்றி மண்ணெண்ணெயில் அலசு, நன்றாகக் காயவிட்டு லேசான எண்ணெய் ஒரு சொட்டு விடு. இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வேலை பார்த்த பட்டறையில் லாரிகளை நானே கழற்றிக் கழற்றிப் பார்த்துக் கற்றது.

அன்றுதான் உன் சக்கரம் வலப்பக்கமாக மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டேன். நாம் எப்போதும் ரோட்டின் இடது ஓரமாக, லோங்காங் சாக்கடையை ஒட்டியே போகிறவர்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோடு அந்தப் பக்கம் சரிந்திருக்கும். சரிந்த ரோட்டில் நிமிர்ந்து நிற்கும் சக்கரத்துக்கு மேட்டுப் பக்கம்தான் தேயும். "கழட்டித் திருப்பிப் போடு. இன்னொரு பக்கமும் தேயட்டும்" என்றேன். நீ என் முதுகில் தட்டினாய்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு உன் வீடு நிறைய ஆட்கள். உங்கள் கோயில்காரர் ஒருவர் உன் சக்கரத்தைப் பார்த்து, இன்னும் புதிதுபோல் இருக்கிறதே என்றார். நான் முறுக்குத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன்.

"அப்பப்பக் கழட்டித் திருப்பிப் போடணும். அதுக்கெல்லாம் நம்ம அந்தோணிதான்! வாசல்லயே பழுது பாக்குறான், உங்க வீட்டு வண்டியெல்லாம் அவன்கிட்ட அனுப்புங்க" என்றாய்.

அந்தோணி தலை குனிந்துகொண்டான். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நீ வாசல் கேட் வரை வந்தாய். "என்னப்பா, பிரியாணி சாப்பிடலயா?" வயிறு சரியில்லை என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாய். இன்னொரு தடவை கேட்பாய் என்று நான் சாலையில் கொஞ்ச நேரம் நின்றது உனக்குத் தெரியாது.

அதன்பின் நாம் சேர்ந்து ஓட்டினோம், சேர்ந்து பசியாறினோம். அந்தப் பேச்சை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிறகு நீ போய்விட்டாய்.

இன்று காலை அந்தோணி வாசலில் நின்றான். "திருப்பிப் போட்டேன் மாமா. ஸ்க்ரூவை இறுக்குனா சக்கரம் சுத்த மாட்டேங்குது. இதுவேற மிச்சமா நிக்கிது" என்று சட்டைப் பையிலிருந்து விரல்நுனி அளவு குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"மிச்சமா? ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல நிக்கிறதே அதுதான்டா! அது இல்லாம இறுக்குனா ரெண்டும் நசுங்காம என்ன செய்யும்? இதுதான் உன் வேலையா? ஊரெல்லாம் உன்னைப் புகழ்ந்தாரே அவரு."

அவன் கோபப்படவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தான். "அன்னிக்கே இல்லன்னு சொல்ல வாய் எடுத்தேன் மாமா. அவரு கண்ணைக் காட்டுனாரு. எனக்கு ஃபேக்டரில வேலை போன நேரம். நாலு பேரு வண்டி குடுக்கட்டும்னு சொன்னாரு. நீங்க போனப்புறம் உங்களைப் பத்தி என்கிட்ட சொன்னாரு, அந்த யோசனை அவனோடது, இந்த மலாக்காவுல சக்கரம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்னு. அப்ப உங்ககிட்டயே நேர்ல சொல்லலாம்லன்னு கேட்டேன். சொன்னா தலை கனத்து வண்டி சாஞ்சிரும்னு சிரிச்சாரு."

என்னிடம் கேட்காமல் என் பொருளை எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும்.

மண்ணெண்ணெயில் அலசி, அந்தக் குழாயை நடுவில் வைத்துச் சக்கரத்தைப் பூட்டிச் சுழற்றிக் காட்டினேன். பிறகு அவனிடம், அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னான். எனக்கு உரிய வார்த்தை அது. உன் குரலில் அதைக் கேட்டவன் அவன். எனக்கு அவன் குரலில்தான் கிடைத்தது. உன் வண்டி அவனுக்குப் போனதுகூட இந்த அளவுக்கு எரியவில்லை.

கிளம்பியவனை நிறுத்தி, வரும் வாரம் பின்சக்கரத்தையும் கழற்றிக் கொண்டுவா என்றேன். "அது நல்லாத்தானே இருக்கு மாமா?" என்றான். நல்லாத்தான் இருக்கிறது, நானும் பார்த்தேன். ஆனால் உன் பேச்சு இன்னும் எவ்வளவு அவனிடம் இருக்கிறதோ, அவ்வளவும் எனக்கு வேண்டும்.